சுகரா, உப்பா, யூரினா: எந்த டெஸ்ட்டுக்குக் காசு கொடுக்க?

சுகர் வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆன ஒருவர் வீட்டில் இருக்கிறார், டெஸ்ட்டுக்கு என்று வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்தான் ஒதுக்க முடியும், அந்தக் காசை எதில் போடுவது? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது போன வருஷம், மாமாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருந்தார், வயது 57. மாரடைப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அது உண்மையும்தான். ஆனால் கடைசியாகச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது "கிட்னி எப்பயிருந்து இப்படி இருக்கு?" என்றுதான். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பதிமூன்று வருஷம் மாசம் தவறாமல் சுகர் பார்த்த மனுஷனுக்கு ஒரு தடவைகூட யூரினில் அல்புமின் (கிட்னி நன்றாக இருந்தால் கசியக் கூடாத புரதம்) பார்க்கவில்லை. வழக்கமாகப் போன கிளினிக்கில் எழுதித் தரவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

பதினாறாம் நாளன்று வீட்டில் இருந்த இன்னொரு சுகர்காரர் என் சித்தி. கல்லிடைக்குறிச்சி, வயது 62, சுகர் வந்து 14 வருஷம். "எனக்கு எல்லாம் நார்மல்தாம்ட்டி, நீ பயப்படாத" என்று சொன்னவரை விடாமல், வீட்டுக்குப் போய் மஞ்சள் பைக்குள் கிடந்த ஆறு வருஷத்து ரிப்போர்ட்டுகளைத் திண்ணையில் பரப்பினேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை, எண்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அப்படி அடுக்கினதில் கிரியாட்டினின் (கிட்னி ரத்தத்திலிருந்து வடிகட்ட வேண்டிய ஒரு கழிவு) 56 வயதில் 0.8, அப்புறம் 0.9, 1.0, கடைசியாக 1.2. லேப்காரர் பக்கத்தில் அச்சடித்திருந்த எல்லை 0.6 முதல் 1.2 வரை. அதனால் ஆறு வருஷமும் ஒரு ரிப்போர்ட்டில்கூடத் தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, எல்லாமே நார்மல்.

அந்த எண்களை வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்து ஈ.ஜி.எஃப்.ஆர் கணக்கில் போட்டால் (2021இல் திருத்திய சூத்திரம், நெட்டில் தட்டினால் வரும்) கதையே வேறு. 56 வயதில் சுமார் 86. 62 வயதில் 51. கிட்னி ஒரு நிமிஷத்தில் எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதற்கான மதிப்பீடு அது. 60க்குக் கீழே மூன்று மாசத்துக்கு மேல் இருந்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட சிறுநீரக நோய். இதே 1.2 ஒரு முப்பது வயதுப் பையனுக்கு இருந்தால் அவனுக்கு 83 வரும், பயமில்லை. ஒரே எண், ஒருவருக்கு நலம், இன்னொருவருக்கு நோய். நார்மல் என்று அச்சடித்த தாளைப் பிடித்துக்கொண்டு சித்தி ஆறு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

டெஸ்ட்டுகளை ஒப்பிடுவதற்கு முன்னால், கிட்னியை ஏன் இப்படித் துரத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுகர் வந்தால் ஆயுசு குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். யாருக்குக் குறைகிறது என்று பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. அமெரிக்காவில் 15,046 பேரின் விவரங்களை எடுத்து, வயது வித்தியாசத்தைச் சமன்செய்து பார்த்தார்கள். சுகரும் இல்லை, கிட்னிக் கோளாறும் இல்லை என்றால் பத்து வருஷத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு 7.7. சுகர் இருக்கிறது, கிட்னி நன்றாக இருக்கிறது என்றால் 11.5. இரண்டும் சேர்ந்தால் 31.1. நடுவில் இருக்கிற எண்ணைப் பாருங்கள். சுகர் மட்டும் இருந்து கிட்னி கெடாதவர்கள் சுகரே இல்லாதவர்களுக்குக் கிட்டத்தில்தான் நிற்கிறார்கள். பெரிய பாய்ச்சல் கிட்னி சேரும்போதுதான்.

இங்கிலாந்தில் சுகர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் (2003இல் வெளியானது) இதே படிக்கட்டுதான். யூரினில் கசிவு இல்லாதவர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு 1.4 பேர் இறந்தார்கள், லேசாக அல்புமின் கசிந்தவர்களில் 3.0, அதிகமாகக் கசிந்தவர்களில் 4.6, கிரியாட்டினின் 2 அளவைத் தாண்டியவர்களிலும் டயாலிசிஸுக்குப் போனவர்களிலும் 19.2. இறப்பவர்களில் நிறையப் பேர் டயாலிசிஸ் வரைக்கும் போவதே இல்லை. இதயம் முந்திக்கொள்கிறது, என் மாமாவுக்கு ஆனது போல. கிட்னியின் சல்லடையில் அல்புமின் கசிகிறது என்றால் உடம்பு முழுக்க இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும் அதே மாதிரி அரிபட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். யூரினில்தான் அது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, டெஸ்ட்டுகளுக்கு வருவோம்.

நம் பக்கம் பெரும்பாலானவர்கள் எடுப்பது சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சுகர், கொஞ்சம் விவரமானவர்கள் கூடவே மூணு மாச சுகர் (மூணு மாசத்துச் சராசரியைக் காட்டும் HbA1c). இது வேண்டாம் என்று சொல்லவில்லை, மருந்தைக் கூட்டக் குறைக்க இதுதான் வழி. ஆனால் கிட்னி எப்படி இருக்கிறது என்று இது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. மூணு மாச சுகர் 7க்குள் இருக்கிறவர்களுக்கும் அல்புமின் கசியலாம். சுகருக்குக் கூடவே வருகிற பிரஷர் அதன் போக்கில் வேலையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது "உப்பு டெஸ்ட்". யூரியா, கிரியாட்டினின். உப்பு என்று ஊரே சொல்கிறது, அது சாப்பாட்டு உப்பு இல்லை, உடம்பின் கழிவு, கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. இதன் பெரிய குறை, கிட்னியின் வேலையில் கிட்டத்தட்டப் பாதி போகும்வரை கிரியாட்டினின் எண் பலருக்கு எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதுதான். ஒல்லியான பெண்களுக்கு, வயதானவர்களுக்கு, உடம்பில் சதைப்பற்று இல்லாதவர்களுக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும், ஏனென்றால் தசை குறைந்தால் கழிவும் குறைவு. ஈ.ஜி.எஃப்.ஆர் ஆக மாற்றிப் பார்த்தால் இந்தக் குறையில் பாதி தீர்ந்துவிடும், அதற்குத் தனிக் காசும் கிடையாது. பல லேப்களில் கேட்டால் அச்சடித்தே தருகிறார்கள். கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் யூரினில் ஸ்ட்ரிப் முக்கிப் பார்ப்பது மூன்றாவது வழி. செலவில்லை, அங்கேயே நின்று பார்த்துவிடலாம். கசிவு நன்றாக முற்றியிருந்தால் பிடித்துவிடும், ஆரம்பத்தில் இருக்கிற லேசான கசிவை விட்டுவிடும். அக்னி வெயிலுக்குப் பயந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனால் யூரின் நீர்த்துப்போய் ஸ்ட்ரிப்பில் ஒன்றும் காட்டாது. ஒன்றுமே பார்க்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் "ஸ்ட்ரிப்பில் நெகட்டிவ்" என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

என் காசு போவது நாலாவதுக்கு. யூரினில் அல்புமினையும் கிரியாட்டினினையும் சேர்த்து அளந்து விகிதம் போடுகிற டெஸ்ட், லேப்பில் ஏ.சி.ஆர் என்றோ மைக்ரோ அல்புமின் என்றோ சொன்னால் புரியும். விகிதம் என்பதால் தண்ணீர் அதிகம் குடித்தோமா குறைவாகக் குடித்தோமா என்பது பெரிதாகப் பாதிக்காது. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 30 முதல் 300 வரை லேசான கசிவு, அதற்கு மேல் அதிகம். சில நூறு ரூபாயில் முடிகிற டெஸ்ட், ரத்தம்கூட எடுக்க வேண்டாம். இதோடு ஒரு கிரியாட்டினின் சேர்த்து ஈ.ஜி.எஃப்.ஆர் போட்டுக்கொண்டால் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு கசிகிறது என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர் 90 இருந்துகொண்டே கசிகிறவர்கள் உண்டு, கசிவே இல்லாமல் ஈ.ஜி.எஃப்.ஆர் இறங்குகிறவர்களும் உண்டு.

ஒரு விஷயம், ஒரு தடவை கூடிவந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். காய்ச்சல், யூரினில் கிருமி, முந்தின நாள் கடுமையான உடல் வேலை, மாதவிலக்கு, இதெல்லாம் இருந்தாலும் தற்காலிகமாகக் கூடும். மூன்று முதல் ஆறு மாசத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் கணக்கு. காலையில் எழுந்ததும் போகிற முதல் யூரின் நல்லது.

ஐந்தாவது, நியூஸ்பேப்பருக்குள் மடித்து வருகிற நோட்டீஸில் இருக்குமே, முழு உடல் பரிசோதனை, 70 டெஸ்ட், 80 டெஸ்ட், வயிற்று ஸ்கேனும் உண்டு என்று. சித்தப்பா இதற்குத்தான் ஒற்றைக் காலில் நின்றார், "ஒரேயடியா எல்லாத்தையும் பார்த்துருவோம், பெறவு கவலை இல்ல" என்று. நான் அந்த நோட்டீஸை வாங்கி வரிவரியாகப் படித்தேன். வைட்டமின் இருந்தது, தைராய்டு இருந்தது, யூரியா கிரியாட்டினின் இருந்தது, ஏ.சி.ஆர் மட்டும் இல்லை. எல்லா பேக்கேஜும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நீங்கள் வாங்கப்போவதில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஸ்கேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுகரால் கெடுகிற கிட்னி ஆரம்பத்தில் சுருங்குவதில்லை, நார்மல் அளவிலேயே இருக்கும், சில சமயம் கொஞ்சம் பெரிதாகக்கூட இருக்கும். ஸ்கேனில் நன்றாக இருக்கிறது என்பதை நம்பி உட்கார முடியாது.

சிஸ்டாட்டின் சி என்று ஒன்றும் இருக்கிறது. தசையைச் சார்ந்து இல்லாததால் மெலிந்தவர்களுக்கு இன்னும் துல்லியம். விலை கூட, ஈ.ஜி.எஃப்.ஆர் எண்ணில் சந்தேகம் வந்து டாக்டர் கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

சித்திக்கு ஏ.சி.ஆர் 180 வந்தது. இரண்டு மாசம் கழித்து 172. அங்கிருந்து அடுத்த கேள்வி, எந்த மாத்திரை? முடிவெடுப்பது டாக்டர்தான், ஆனால் நாம் கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கிறது, அதனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னது, "சுகரை இன்னும் இறக்குங்க, எல்லாம் சரியாயிரும்". இதை 10,251 பேரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூணு மாச சுகரை 6க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஒரு குழுவுக்கு மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தார்கள். அந்தக் குழுவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 203 பேர். 2008இல் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வயதானவர்களை லோ சுகர் வரும்வரை துரத்துவது ஆயுசைக் கூட்டவில்லை.

லோசார்டான், டெல்மிசார்டான் வகை பிரஷர் மாத்திரைகள் பழையவை, மலிவு, சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். அல்புமின் கசிவை நன்றாகக் குறைக்கும். 2001இல் வந்த லோசார்டான் ஆய்வில் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போவது 28 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் இறப்பு குறையவில்லை. கிட்னிக்கு நல்லது, ஆயுசுக்கு இது மட்டும் போதாது. தொடங்கி ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிட்னி பலவீனமானவர்கள் இந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு, குளிர்ச்சி என்று தினமும் இளநீர் குடிப்பது ஆபத்து, இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னிக்கு இளநீர் நல்லது என்று ஊரில் பாதிப்பேர் சொல்வதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எனக்கு மனசு நிறைந்தது அடுத்த வகையில். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சுகரை யூரின் வழியாக வெளியேற்றுகிற மாத்திரைகள், ஆனால் கிட்னிக்கும் இதயத்துக்கும் செய்கிற உதவி அதைத் தாண்டியது. 2020இல் வந்த டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் கிட்னி நோய் உள்ள 4304 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சுகர்காரர்கள், சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டரை வருஷத்துக்குள் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 146 பேர் இறந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் 101 பேர். அந்த 45 பேர் வித்தியாசத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மாமா எடுத்திருக்கக்கூடிய மாத்திரை இது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020 அக்டோபரிலும் எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்துவிட்டன, அதனால் பல கம்பெனிகள் போட்டி போட்டுத் தயாரித்து விலை நன்றாக இறங்கியிருக்கிறது. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மர்ம உறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. யூரின் போனபின் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தொடங்கினதும் ஈ.ஜி.எஃப்.ஆர் சில புள்ளி இறங்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது, அது எதிர்பார்த்ததுதான். வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, ஆபரேஷனுக்கு முன்போ தற்காலிகமாக நிறுத்த வேண்டும். பட்டினியில் இதை எடுத்தால் ரத்தத்தில் அமிலம் கூடுகிற அபாயம் இருக்கிறது. சித்தி வருஷா வருஷம் திருச்செந்தூர் போய்க் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர், அதனால் இதை டாக்டரிடம் முதல் நாளே சொன்னோம். மேலப்பாளையத்தில் நோன்பு வைக்கிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும், ரமலானுக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஃபினரினோன் என்று ஒரு புது மாத்திரை, 2020 ஆய்வில் கிட்னி மோசமாவதை 18 சதவீதம் குறைத்தது, இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. வாரம் ஒரு முறை போடுகிற செமாகுளுடைட் ஊசியின் ஆய்வு 2024இல் வந்தது, அதில் இறப்பு 20 சதவீதம் குறைவு. எங்கள் பட்ஜெட்டுக்கு முதல் இரண்டு வகையையும் சேர்த்து எடுப்பதே கட்டுப்படியானது. கூடவே கொழுப்புக்கு ஒரு ஸ்டாட்டின், பிரஷர் 130க்கு 80க்குள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டென்மார்க்கில் நடந்த ஒரு சின்ன ஆய்வு இருக்கிறது. 160 பேர், எல்லோருக்கும் சுகர், எல்லோருக்கும் யூரினில் லேசான கசிவு, அதாவது சித்தி நிற்கிற அதே இடம். பாதிப்பேருக்குச் சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் எட்டு வருஷம் ஒன்றாகக் கவனித்தார்கள். 21 வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிட நடுமதிப்பில் 7.9 வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். டாபாகிளிஃப்ளோசின் எல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது.

நாட்டு மருந்து பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரி நான், சித்த மருத்துவத்தின் மேல் மரியாதை உண்டு. படித்த மருத்துவரிடம், ரிப்போர்ட்டைக் காட்டி, இரண்டு பக்க டாக்டருக்கும் தெரிந்து எடுப்பது ஒரு வகை. பெயர் எழுதாத பொட்டலத்தில் "உப்பைக் கரைக்கும்" என்று யாரோ தருகிற பொடியை வாங்கி, இருக்கிற மாத்திரையை நிறுத்துவது வேறு. ஈயமும் பாதரசமும் கலந்த பொடி மிச்சமிருக்கிற கிட்னியையும் தின்றுவிடும். அதே அளவு கெடுதல் மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக் மாத்திரை. மாமா கடையில் மூட்டை தூக்கின வலிக்கு அதைத்தான் வாரத்துக்கு இரண்டு மூன்று போட்டார்.

எங்கே காட்டுவது? ஏ.சி.ஆர் 300க்குள், ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்கு மேல் என்றால் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரே போதும், அவர் இந்த இரண்டு எண்ணையும் பார்க்கிறவராக இருந்தால். ஈ.ஜி.எஃப்.ஆர் 30க்குக் கீழே போனால், கசிவு 300ஐத் தாண்டினால், யூரினில் ரத்தம் வந்தால், எண் சடசடவென்று இறங்கினால் சிறுநீரக டாக்டரிடம் போக வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறது, காத்திருக்க வேண்டிவரும், காசு ஆகாது. அவசரமென்றால் தனியார். மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்குக் கீழே வந்தால் அளவைக் குறைக்கவும் 30க்குக் கீழே நிறுத்தவும் வேண்டும், இதை ஞாபகப்படுத்துங்கள்.

சாப்பாட்டில் சித்தி விட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு விடுவது லேசில்லை, மத்தியானம் இரண்டு அப்பளம். அப்பளத்திலும் ஊறுகாயிலும் வடகத்திலும் இருக்கிற உப்பு பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். கருப்பட்டிக் காப்பியையும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். "கருப்பட்டிக்கு சுகர் ஏறாதுட்டி" என்றார். மீட்டரை எடுத்துக் குத்திக் காட்டினபிறகு டம்ளரைத் தள்ளி வைத்தார்.

டெஸ்ட் எடுக்க நாள் மறந்துபோகாமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்தோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குச் சித்தி எப்படியும் டவுனுக்கு வருவார், தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் டெஸ்ட். இந்த வருஷம் ஏ.சி.ஆர் 95, ஈ.ஜி.எஃப்.ஆர் 49. கசிவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது, இறக்கம் கிட்டத்தட்ட நின்றிருக்கிறது.

சித்தியோடு மாமா மகனும் வந்திருந்தான். 31 வயது, உரக்கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான், சுகர் இருப்பது தெரிந்து நாலு மாசம் ஆகிறது. சுகர் தெரிந்த வருஷமே முதல் ஏ.சி.ஆர் எடுத்துவிட வேண்டும், பத்து வருஷம் காத்திருக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. லேப்பில் கொடுத்த டப்பாவில் ஸ்கெட்ச் பேனாவால் தன் பெயரை எழுதிக்கொண்டு உள்ளே போனான். ரிப்போர்ட் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தருகிறோம் என்றார்கள்.